வாலுவின் ட்ரே

போன வாரம் நம் லிஃப்ட் மெக்கானிக்கை நாம் விட்டுவிட்டு வந்த இடம் அவ்வளவு வசதியான இடமில்லை. கையில் போன். பக்கத்தில் திறந்துவிட்ட குழாய். வாளி நிரம்பி வழிந்து செருப்பெல்லாம் தண்ணீர். மகள் பேசி முடித்து வைத்துவிட்ட பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்பா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல வேணாம்." அவள் சொன்னது அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ விடிந்துவிட்டது.

என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்கு முக்கால்வாசி தெரியும். அவளுடைய அம்மாவுக்கு, அதாவது மூன்று வருடம் முன்புவரை இவருக்கு மனைவியாக இருந்தவளுக்கு, வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நிற்கும் மகளையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

விடிந்ததும் விடியாததுமாகப் பின்பக்கத்து அறைக்குப் போனார். முன்பு துணி துவைக்கிற இடமாக இருந்த சின்ன அறை அது. வெயில் படாது, குளுகுளுவென்று இருக்கும். இப்போது அங்கே ஓர் இரும்பு அடுக்கு நிற்கிறது. பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய சட்டங்களை வைத்து அவரே செய்தது. அடுக்கு முழுக்க அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ட்ரேக்கள். ஒவ்வொரு ட்ரேயிலும் மக்காச்சோளம் வெவ்வேறு வயதில் முளைத்துக்கொண்டிருந்தது.

இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சோளத்தை ஊறவைத்து, வடித்து, ஈரச்சாக்கில் கட்டி வைத்தால் முளை விடும். ட்ரேயில் பரப்பி வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்தில் சாண் உயரத்துக்குப் பயிர். அடியில் வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பாய் விரித்ததுபோல ஆகிவிடும். அப்படியே சுருட்டி எடுத்துப்போய் ஆட்டுக்குப் போடலாம். மண் வேண்டாம், நிலம் வேண்டாம். சிமெண்ட் போட்ட கொல்லையில் ஓர் ஆட்டையும் நாலு கோழியையும் வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது?

ஆடு வந்தது மகளின் பிடிவாதத்தால். அவளை வீட்டில் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அதற்கான தகுதி நிறையவே இருந்தது. இப்போது அமைதியான பெண். ஆனால் வைத்த பெயரை யார் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்? ஆட்டுக்குப் பெயர் 'மேடம்'. நடையும் பார்வையும் அப்படி. எதிரில் நிற்பவரின் வீட்டுப்பாடத்தைத் திருத்தப்போகிறவள்போலவே பார்க்கும்.

வாலு வாரத்தில் ஒரு நாள் அப்பாவைப் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. அடுக்கில் கீழ்த்தட்டை யாரும் சொல்லவில்லை, அது அவர்களே ஏற்படுத்திக்கொண்டது. ஞாயிறு சாயங்காலம் கிளம்புமுன் வாலு தன் கையால் கீழ்த்தட்டு ட்ரேயில் சோளம் பரப்பிவிட்டுப் போவாள். அடுத்த ஞாயிறு வரும்போது அது தயாராக இருக்கும். அவளே எடுத்து மேடத்துக்குப் போடுவாள். நடுவில் உள்ள நாட்களில் அவர் அந்த ட்ரேக்குத் தண்ணீர் தெளிப்பார். முளை எட்டிப் பார்த்தால் அவள் வர இன்னும் நாளாகும். பச்சை விரலுயரம் வந்தால் வாரம் பாதி கழிந்துவிட்டது. அவருக்குக் காலண்டர் அதுதான்.

போன ஞாயிறு வாலு வரவில்லை. பாஸ்போர்ட் வேலை என்றாள்.

ட்ரே தயாராகி நின்றது. அவர் எடுக்கவில்லை.

"கீழ்த்தட்டுல என்னடா புளிச்ச வாடை?" கதவருகே அவருடைய அக்காவின் குரல். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, யாரையும் காத்திருக்க வைத்துப் பழகியவள். தம்பி தனியாளான பிறகு துணைக்கென்று இந்த வீட்டுக்கு வந்தாள். யார் யாருக்குத் துணை என்பதில் இன்றுவரை இருவருக்கும் கருத்து வேறுபாடு.

"வேர் வாடைக்கா."

"தெனம் எத்தனை பேர் வந்து வாயைத் திறக்கிற எடத்துல உக்காந்திருக்கேன். வாடையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத. பூசணம் பிடிச்சிருக்கு."

"காத்தாடி வெச்சிருக்கேன்ல. காஞ்சிரும்."

நிஜமாகவே வைத்திருந்தார். மேஜைமேல் வைக்கிற சின்ன மின்விசிறி ஒன்று, ஜுரக்காரருக்கு வீசுகிற மாதிரி அந்த ஒரு ட்ரேக்கு மட்டும் வீசிக்கொண்டிருந்தது. பயிர் நுனியில் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. அக்கா விசிறியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"போன வாரமே ஆட்டுக்குப் போயிருக்கணும் இது. தூக்கி உரத் தொட்டில போடு."

"அது வாலு போட்டது, அக்கா."

"அவ போட்டதுனா என்ன? சோளம்தானே?"

"அவளே வந்து எடுக்கட்டும்."

அக்காவுக்கு வாயில் பதில் வந்துவிட்டது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். அவள் விழுங்கிய சில பதில்களில் அதுவும் ஒன்று.

அவள் உள்ளே போனதும் அவருக்கே வெட்கமாக இருந்தது. வாடை வந்தால் முழு ட்ரேயும் போச்சு, ஒரு கைப்பிடிகூட மிருகத்துக்குப் போடக்கூடாது என்று பக்கத்து வீட்டு முயல்காரருக்குப் பாடம் சொன்னவர் இவர்தான். மேல்தட்டில் ஒரு ட்ரே இன்றைக்கு எடுக்கத் தயாராக, பச்சைப் பசேலென்று நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு இதைக் கொட்டிவிட்டால் வாலுவுக்குத் தெரியப்போவதில்லை. சரி, அப்படியே செய்வோம் என்று குனிந்தார்.

போன் அடித்தது. மகளாக இருக்குமோ என்று பாய்ந்து எடுத்தார். மகளில்லை. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளி.

"சார், லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆள் இருக்காங்க."

ஆள் மாட்டிக்கொண்டால் ஞாயிறாவது திங்களாவது? கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். ட்ரேக்கள் அப்படியே இருந்தன. மேடத்துக்குக் காலைத் தீனியும் இன்னும் போடவில்லை. மகள் வந்து போடட்டும் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தார்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது. மேலே மோட்டார் அறைக்குப் போய், மின்சாரத்தை அணைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டு வந்து கதவைத் திறந்தார். உள்ளே ஒரு கணவனும் மனைவியும். கீழே சண்டை போட்டுக்கொண்டேதான் ஏறினார்கள் என்று காவலாளி சொல்லியிருந்தான். இப்போது தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அழுது முடித்த முகம்.

"இன்னும் கொஞ்சம் கழிச்சு வந்திருக்கலாம் நீங்க" என்றாள் அவள்.

கணவன் சங்கடமாகச் சிரித்தான். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டில் லிஃப்ட் இல்லை. இருந்து, அது ஒரே ஒரு முறை நடுவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் வாலுவின் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறைந்துபோய் ஒரு நிமிடம் அங்கேயே நின்றுவிட்டார். பழைய செருப்பு, இடது வார் தைத்தது. வெளிநாட்டுக்குப் போகிறவள் புதுச் செருப்பு வாங்கியிருக்க மாட்டாளா என்று தோன்றியது. அவருக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

அக்கா கடைக்குப் போயிருந்தாள். வாலு தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா" என்று திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "என் ட்ரேயை எடுக்காமயே வெச்சிருந்தீங்களா? அடுக்குல பாத்ததும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அவள் கழுவிக்கொண்டிருந்தது கீழ்த்தட்டு ட்ரே.

அவர் குனிந்து காலி ட்ரேயைப் பார்த்தார். "ஆட்டுக்குப் போட்டுட்டியா?"

"முழுசும். காஞ்ச மாடு மாதிரி தின்னுச்சு. காலைல ஒண்ணும் போடலியா நீங்க?"

"இல்ல. லேட்டாயிடுச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அவரால் சொல்ல முடியவில்லை. ஆடு திடமான ஆடு, ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நல்ல மனிதர்கள் பெரிய தப்பு செய்வது இந்த மாதிரி நேரத்தில்தான்.

டீ போட்டார். இருவரும் கொல்லைப் படியில் உட்கார்ந்து குடித்தார்கள். வாலு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்துக்கொண்டு, "அப்பா, நான் உங்ககிட்ட சொல்லணும்னு வந்தது..." என்று ஆரம்பித்தாள்.

"டீ ஆறிடப்போகுது. குடிச்சிட்டுச் சொல்லு" என்றார்.

குடித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை மதில் ஓரக் குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க எழுந்தார். அது சொட்டவில்லை. மூன்றாம் முறை கோழிக்குத் தண்ணீர். தள்ளிப்போட எத்தனை சாக்கு உண்டோ அத்தனையும் தீர்ந்தபோதுதான் மேடம் முனகியது.

முதலில் ஒரு முனகல். பிறகு பல்லைக் கடிக்கிற சத்தம். ஆடு கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. இடது பக்கம் உப்பித் தோல் விறைத்திருந்தது.

"அப்பா, இவளுக்கு என்னாச்சு?"

அவர் போனை எடுத்தார்.

கால்நடை டாக்டர் பெரிய பையோடு வந்தாள். இளம்பெண். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்த எரிச்சலை மறைக்கவும் இல்லை, அதற்காக வேலையில் குறை வைக்கவும் இல்லை. ஆட்டின் வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். காலி டப்பாவைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது.

"என்ன குடுத்தீங்க?"

"முளைத் தீவனம்தான் டாக்டர். தெனமும் குடுக்கறதுதான்" என்றாள் வாலு.

"மிச்சம் இருக்கா?"

ஆட்டுக் கொட்டகை ஓரத்தில் தீவனத் துண்டு ஒன்று விழுந்து கிடந்தது. வாலு எடுத்து வந்து கொடுத்தாள். டாக்டர் அதைப் புரட்டி வேர்ப்பக்கத்தை முகர்ந்து பார்த்தாள். வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல இருந்தது.

"அது வேர் முடிதானே டாக்டர்? வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா பயப்படாத, வேர்ல அப்படித்தான் முளைக்கும்னு அப்பா சொல்லியிருக்காரு."

டாக்டர் துண்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். "வேர் முடின்னா தண்ணி பட்டதும் படிஞ்சு காணாமப் போயிடும். இது பாருங்க, அப்படியே நிக்குது. அடில சாம்பல் கலர் வேற. பூசணம்."

வாலுவின் முகம் செத்துப்போனது. "நான்தான் டாக்டர் போட்டேன். சரியா பாக்கல. என் தப்பு."

"இவ தப்பு இல்ல" என்றார் அப்பா.

அவர் குரலைக் கேட்டு இருவரும் திரும்பினார்கள். அப்போதுதான் கடையிலிருந்து வந்து நின்ற அக்காவும் திரும்பினாள்.

"போன வாரமே எடுத்திருக்கணும். எனக்குத் தெரியும். வாடை வந்ததும் தெரியும். நான்தான் எடுக்காம வெச்சிருந்தேன்."

"தெரிஞ்சே எதுக்கு சார் வெச்சிருந்தீங்க?"

"இவ போட்டது. இவ வந்து எடுக்கணும்னு."

டாக்டர் அப்பாவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நீளக் குழாயை எடுத்தாள்.

"அன்புக்கெல்லாம் ஆட்டு வயித்துல எடம் கிடையாது சார். தலையைப் பிடிங்க."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். வாலு கழுத்தைக் கட்டிக்கொண்டாள். குழாய் தொண்டை வழியாக இறங்கியதும் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அந்த நாற்றத்தில் அக்காவே மூக்கை மூடிக்கொண்டாள் என்றால் நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். உப்புசம் கொஞ்சம் வடிந்தது. குழாய் வழியாகவே எண்ணெயும், கரியைக் கரைத்தது போன்ற ஒரு கறுப்பு மருந்தும் போயின.

"காத்து போயிடுச்சு. விஷம் எவ்வளவு ஏறியிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. உக்கார விடாம நடத்துங்க. காஞ்ச புல் தவிர வேற எதுவும் வேணாம். அசை போட ஆரம்பிச்சா பிழைச்சிக்கும்." கிளம்பும்போது வாசல்வரை போனவள் நின்று, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை உங்க பொண்ணு வர லேட்டானா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ட்ரேயைக் காலி பண்ணிடுங்க" என்றாள். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மதியம் முழுக்க நடத்தினார்கள். கயிறு அப்பாவின் கையில். மறுபுறம் வாலு, ஆட்டின் இடது வயிற்றைத் தேய்த்துவிட்டுக்கொண்டே. மதிலிலிருந்து குழாயடி, குழாயடியிலிருந்து மதில். மேடம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்றதும் ரொட்டியைப் பிட்டு இருவர் வாயிலும் நடந்துகொண்டே ஊட்டிவிட்டாள். திட்டிக்கொண்டேதான் ஊட்டினாள்.

வெயில் சாய்ந்த பிறகு வாலு பேசினாள்.

"நான் வரலன்னா தூக்கிப் போட வேண்டியதுதானேப்பா."

"வாரத்து நடுவுல ஒருநாள் தூக்கினேன். உரத் தொட்டி வரைக்கும் கொண்டுபோனேன். திரும்பக் கொண்டுவந்து வெச்சிட்டேன்."

"ஏன்?"

"அது போயிட்டா அந்தத் தட்டு காலியா இருக்கும்ல." கயிற்றைக் கையில் சுற்றினார், பிரித்தார். "அதைப் பாக்க முடியல."

வாலு மதில்வரை போய்த் திரும்பினாள்.

"அம்மாவோட போறேன்னு சொல்லத்தான்பா வந்தேன். முடிவு பண்ணிட்டேன்."

முக்கால்வாசி தெரிந்தது முழுதாகத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து இந்த வார்த்தைக்குப் பயந்து ஓடியவர், வந்த பிறகு வலிக்கிற இடம் எது என்று தேடினார். வலிக்காத இடம்தான் கிடைக்கவில்லை.

"ம்" என்றார். "நல்ல ஊருன்னு சொல்றாங்க. படிப்பெல்லாம் நல்லாயிருக்கும். குளிர்தான் அதிகமாம். நல்ல ஸ்வெட்டரா ரெண்டு..."

"அப்பா." அவள் நின்றுவிட்டாள். ஆடும் நின்றது. "ஸ்வெட்டரைப் பத்தி நான் கேட்டேனா?"

"இல்ல."

"நான் போறதைப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"உன் இஷ்டம்மா."

"அம்மாவும் அதையேதான் சொல்றா. உன் இஷ்டம், உன் இஷ்டம். ரெண்டு பேரும் என் இஷ்டத்தை என் தலையிலயே கட்டிட்டு ஒதுங்கிக்கறீங்க. நீ எனக்கு வேணும்னு ஒருத்தர்கூட சொல்ல மாட்டேங்கறீங்க." அவள் குரல் உடைந்தது. "ஆட்டுக்கு விஷம் வைக்கிற அளவுக்கு என்மேல ஆசை இருக்கு. வாயைத் திறந்து சொல்ல மட்டும் வரமாட்டேங்குது. நான் எதை வெச்சுப்பா முடிவு பண்றது?"

உள்ளே சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அக்காவுக்குக் காது கூர்மை.

அவருக்குப் பிள்ளையின் வழியில் நிற்கக்கூடாது என்று ஒரு கொள்கை. கேட்டால், அவள் பாவப்பட்டு இருந்துவிட்டால், பிற்காலத்தில் தன்னைக் குறை சொல்வாளோ என்று ஒரு பயம். கேட்டும் அவள் போய்விட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய பயம். இத்தனை நாள் கொள்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது முக்கால்வாசி இந்தப் பயம்தான் என்று அவருக்கு இப்போது விளங்கியது. விளங்கி என்ன? நாக்கு எழும்ப வேண்டுமே.

"போகாத" என்றார்.

தன் காதுக்கே கேட்காதபடி சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து மறுபடியும் சொன்னார்.

"போகாத வாலு. எனக்கு நீ வேணும். ஞாயித்துக்கிழமை மட்டும் போதல. மத்த நாள்லாம் நான் சும்மா தண்ணி தெளிச்சுக்கிட்டு இருக்கேன். நீ படிக்கணும், நல்லா வரணும், எல்லாம் சரி. ஆனா என்கிட்ட கேட்டா, போகாதன்னுதான் சொல்லுவேன். நீ கேக்கலன்னாலும் மனசுல அதேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

வாலு ஆட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தலையைத் தடவலாமா என்று அவர் கையை நீட்டினார். அவளே அந்தக் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். பெரிய பெண் என்று ஒதுங்கி ஒதுங்கி, அந்தத் தலையை அவர் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. முடி அம்மாவுக்கு இருப்பதுபோல் தடித்த முடி.

"மாத்திப்பேனான்னு எனக்குத் தெரியலப்பா" என்றாள், முகத்தை நிமிர்த்தாமலே.

"தெரியும்மா."

"ஏற்பாடெல்லாம் ஆயிடுச்சு. நான் போகலன்னா அம்மாவும் தனியாத்தான் போகணும்."

"தெரியும்."

"ஆனா கேட்டீங்கல்ல."

"கேட்டுட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். இருவரும் மறுபடி நடக்க ஆரம்பித்துத் திரும்பியபோதுதான் பார்த்தார்கள். கொல்லைக் கதவருகே வாலுவின் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வருகிறவள் காரைவிட்டு இறங்கமாட்டாள். வாசலில் ஒரு ஹாரன், அவ்வளவுதான். இன்று ஹாரன் கேட்கவில்லை. பின்னால் அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற முகத்தோடு நின்றாள். போன் செய்து ஆட்டு விஷயத்தைச் சொன்னது யார் என்பதைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை.

"எப்பம்மா வந்தே நீ?" என்றாள் வாலு.

"'போகாத'ன்னு சொன்னப்பவே வந்துட்டேன்."

மெக்கானிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் மனதைக் கலைக்கிறீர்களா என்று சண்டை வரும், வரட்டும் என்று நின்றார். சண்டை வரவில்லை. அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் கிளம்பினன்னிக்கு என் பெட்டியை நீங்கதான் தூக்கிட்டு வந்து கார்ல வெச்சீங்க" என்றாள். "கனமா இருக்கு, நீ தூக்காதன்னீங்க. வேற ஒரு வார்த்தை சொல்லல."

அவள் தோளிலிருந்த பையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வண்டியை எடுக்காம எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன் தெரியுமா? இந்த ஒரு வார்த்தைக்குத்தான்."

"நான் வாசல்லயேதான் நின்னேன்" என்றார் அவர்.

"தெரியும். கண்ணாடில பாத்துக்கிட்டேதான் போனேன்."

சொல்லிவிட்டு அவள் மகளைக் கூப்பிடவில்லை, காருக்கும் திரும்பவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, ஆட்டை நடத்தக் கயிற்றுக்குக் கை நீட்டினாள்.